மாறாத எண்: கூட்டு வலையமைப்பில் நம் சங்கங்களின் முகவரி

நம் சங்கக் காரியாலயத்தின் பெயர்ப் பலகையில், பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு பதிவு எண் எழுதப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதைப் படித்து மனத்தில் வைத்திருப்பவர்கள் சிலரே. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், வாடகைக் கட்டடத்திலிருந்து காரியாலயம் சொந்தக் கட்டடத்துக்குப் போகும். எண் மட்டும் அப்படியே நிற்கிறது. நமக்கு அளித்த எண்ணைப் பதிவாளர் வேறொரு சங்கத்துக்கு அளிப்பதும் இல்லை. மாறாதிருத்தல், இரட்டிக்காதிருத்தல் ஆகிய இந்த இரண்டு குணங்களையும் நம்பித்தான் வங்கி நமக்குக் கடன் தருகிறது. தணிக்கையாளர் நம் கணக்கை நம் கணக்கென்று ஒப்புக்கொள்கிறார்.

ஊத்தங்கரைக்கு அஞ்சல் இலாகா தந்திருக்கும் எண் 635207. நாடெங்கும் இந்த ஆறு இலக்க முறை 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருந்து கடிதங்கள் திசை மாறிப் போனதே அதற்கு முக்கியமான காரணம். புதூர் என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் எந்தப் புதூருக்குப் போகும் என்பதை நம் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஊத்தங்கரை புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. முகவரியில் மாவட்டத்தின் பெயரை மாற்றி எழுதினோம். அஞ்சல் எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை.

இந்த இரண்டு எண்களையும் பற்றி இங்கே பேசுவதற்குக் காரணம், இப்போது நம் காரியாலயங்களுக்குள் மூன்றாவது வகை எண் ஒன்று நுழைந்திருப்பதாகும். அதை யார் கொடுத்தார்கள், வேறு யாரிடம் அதே எண் இருக்கிறது, நாளைக்கும் அது இருக்குமா என்பவற்றை நம்மில் எவரும் விசாரிப்பதில்லை. கணிப்பொறிகளுக்கு இடப்படும் ஐ.பி. முகவரி என்பதே அந்த எண்.

2022-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்குவதற்கு ரூ. 2,516 கோடித் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. அந்தத் திட்டத்தின் மென்பொருளும் இணைப்பு முறையும் மேலே வகுக்கப்படுகின்றன. அதில் சங்கத்தின் கை அதிகம் இல்லை. நாம் கருதுவது வேறு. நெசவாளர் சங்கம் தனக்கு நூல் தரும் இடத்தோடும், பால் சங்கம் ஒன்றியத்தோடும், மாம்பழ விவசாயிகள் கூழ் ஆலையோடும், பட்டுக்கூடு வளர்ப்போர் நூற்பாலையோடும் தங்கள் சொந்த ஏற்பாட்டில் கணக்கு இணைப்புச் செய்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. நிர்வாகக் குழுவில் அரை மணி நேரம் பேசி, ஒரு கடைக்காரரிடம் விலைப்புள்ளி வாங்கி, வேலையை முடித்துவிடுகிறோம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அந்த அரை மணி நேரத்தில் கேட்கப்படாத ஒரு கேள்வியிலிருந்து பிறப்பவை.

இவ்வாறு இரண்டு ஸ்தாபனங்களை இணைப்பதற்குப் பெரும்பாலும் கையாளப்படும் முறைக்கு மெய்நிகர் தனிவலை என்று பெயர், வழக்கில் வி.பி.என். என்கிறார்கள். தனிக் கம்பி எதுவும் போடுவதில்லை. எல்லாரும் போகும் இணையச் சாலையிலேயே நம் சரக்கும் போகிறது. ஆனால் பூட்டி முத்திரையிட்ட பெட்டிக்குள் போகிறது. ஊத்தங்கரையிலிருந்து சேலம் சாலையில் போகும் லாரியை எல்லாரும் பார்க்கலாம். உள்ளே இருப்பது நூலா, புளியா என்பது ஏற்றியவருக்கும் இறக்குபவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. சாலையில் போவதற்கான வெளி முகவரி ஒன்று. பெட்டியைத் திறந்தபின் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உள் முகவரி மற்றொன்று. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்வருவது யாவும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

வெளி முகவரிகளை உலகத்துக்குப் பொதுவான பதிவு ஸ்தாபனங்கள் பங்கிடுகின்றன. இந்தியாவில் அந்தப் பொறுப்பு ஐரின் என்ற பதிவகத்துக்கு உரியது. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்களே உண்டு. இவற்றின் மைய இருப்பு 2011-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் தேதி தீர்ந்துபோயிற்று. தட்டுப்பாடு வரும் என்பதைப் பொறியாளர்கள் அதற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். ஆகையால் உள் முகவரிகளுக்கென்று சில தொகுதிகளைப் பொதுவில் ஒதுக்கி, எவரும் அனுமதி கேளாமல் தத்தம் காரியாலயத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 10 என்று தொடங்கும் தொகுதியில் 1,67,77,216 எண்கள், 172.16 முதல் 172.31 வரையுள்ள தொகுதியில் 10,48,576, 192.168 என்று தொடங்குவதில் 65,536. கடையில் வாங்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடுதான் வருகின்றன. பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தவுடன் வேலை செய்கிறது, யாரும் மாற்றுவதில்லை.

இந்தச் சலுகை தகராறு இல்லாமல் வந்ததன்று. இணையப் பொறியாளர்கள் தங்கள் முடிவுகளை வரிசை எண் கொண்ட ஆவணங்களாக வெளியிடுவது வழக்கம். 1994-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான 1597-ம் எண் ஆவணம் தனி எண்கள் என்ற யோசனையை முன்வைத்தது. அதில் ஒதுக்கப்பட்ட 10-ம் எண் தொகுதி, இணையத்தின் தாய் என்று சொல்லத்தக்க அர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையமைப்புக்கு உரியதாயிருந்தது. அவ்வலையமைப்பு 1990-ல் மூடப்பட்டபின் அந்த எண் சும்மா கிடந்தது. யோசனை வெளியாகி நான்கு மாதம் ஆவதற்குள், ஜூலையில், நால்வர் சேர்ந்து 1627-ம் எண் ஆவணமாகத் தங்கள் ஆட்சேபத்தை வெளியிட்டார்கள். 'வலை எண் 10 தீங்கானது' என்னும் கருத்தைத் தலைப்பிலேயே வைத்தார்கள். முகவரி என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், இன்று தனித்தனியே இருக்கும் இரண்டு ஸ்தாபனங்கள் நாளைக்கு இணைய விரும்பும்போது எண்கள் மோதும் என்பது அவர்களது வாதத்தின் ஒரு பகுதி.

அந்த நால்வரில் ஒருவர் எலியட் லியர். 1996-ம் ஆண்டு பிப்ரவரியில் யோசனை திருத்தப்பட்டு 1918-ம் எண் ஆவணமாக வந்தபோது, அதை எழுதியோர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஆட்சேபித்தவரை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்து எழுதச் செய்த இந்த வழக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது; நம் மகாசபைக் கூட்டங்களில் இதைக் கடைப்பிடித்தால் எத்தனையோ மனஸ்தாபங்கள் குறையும். அது கிடக்கட்டும். ஸ்தாபனங்கள் பிற்காலத்தில் இணையும்போது எண்கள் மோதக்கூடும் என்றும், ஆகவே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து குருட்டாம்போக்காக ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்வது நல்லது என்றும் திருத்தப்பட்ட ஆவணமே சொல்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த யோசனை அச்சில் இருக்கிறது. கடையில் வந்த எண்ணையே வைத்துக்கொள்ளும் நம் வழக்கமும் அப்படியே இருக்கிறது.

மோதல் என்றால் என்ன நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். கற்பனையான எடுத்துக்காட்டே, குறிப்பிட்ட எந்தச் சங்கத்தையும் நினைத்து எழுதவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்று, ஓசூர்ப் பக்கத்துப் பட்டு நூல் சங்கம் ஒன்றோடு தனிவலை இணைப்புச் செய்துகொள்கிறது. நூல் சங்கத்தின் இருப்புக் கணக்கு வைத்திருக்கும் சர்வரின் எண் 192.168.1.10. நெசவாளர் சங்கத்தில் ரசீது அடிக்கும் பிரின்டரின் எண்ணும் 192.168.1.10. வெள்ளிக்கிழமை வாரக் கூலிக்கு முன் நூல் இருப்பைப் பார்த்துப் பாவு பங்கிட வேண்டும். எழுத்தர் பொத்தானை அழுத்துகிறார். இந்த எண் நம் வீட்டு எண்தானே என்று அவருடைய கணிப்பொறி முடிவு செய்து, கேள்வியை வாசலுக்கே அனுப்பாமல் அறைக்குள்ளிருக்கும் பிரின்டரிடம் கொடுத்துவிடுகிறது. பிரின்டருக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுரங்கவழி இணைப்பு நன்றாக இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. பழுது பார்க்க வந்தவர் 'லைன் சரியாயிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் சொன்னது பொய்யுமன்று. கேள்வி வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை. பெரிய தெரு, 10-ம் எண் என்று மட்டும் எழுதிய கடிதத்தை உள்ளூர்த் தபால்காரர் உள்ளூர்ப் பெரிய தெருவிலேயே கொடுத்துவிட்டதற்கு ரயிலைக் குறை சொல்வது போன்றது இது.

இரண்டு சங்கங்களோடு முடிந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பத்துச் சங்கங்கள் ஓர் ஒன்றியத்தோடு இணையும்போது தொல்லை வேறு விதமாக வருகிறது. அவற்றில் நான்கு சங்கங்கள் 192.168.1 வரிசையிலேயே இருந்தால், ஒன்றியத்தின் ரூட்டர் பதிலை எந்தச் சுரங்கத்தில் அனுப்புவது? ஒரு வரிசைக்கு ஒரு வழிதான் அதன் பட்டியலில் இருக்க முடியும். கடைசியாகச் சேர்ந்த சங்கம் முதலில் சேர்ந்த சங்கத்தின் வழியைப் பறித்துக்கொள்ளக்கூடும். பாவு இழைக்கும்போது ஒரே அச்சுக்கண்ணில் தவறி ஓர் இழை கூடப் புகுந்துவிட்டால், அந்தக் கோடு துணியின் கடைசி முழம் வரைக்கும் வரும் என்பதை நெசவாளர்கள் அறிவார்கள். எண் பங்கீடும் பாவு பூட்டுவதைப் போன்றதே. தொடக்கத்தில் பிழைத்தால் நடுவில் சரி செய்ய முடியாது. அறுத்துப் பூட்ட வேண்டும்.

இதற்கு ஒரு சமாளிப்பு உண்டு. நேட் என்று அதைச் சொல்கிறார்கள். வாசலில் ஓர் எழுத்தரை உட்கார வைத்து, வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்புநர் எண்ணை அழித்து வேறு எண் எழுதச் சொல்வதைப் போன்ற ஏற்பாடு. ஒவ்வோர் உள் எண்ணுக்கும் ஒரு தனி மாற்று எண் கொடுத்து வைத்தால் மோதல் தீரும். பெரிய கம்பெனிகள்கூட அவசரத்துக்கு இப்படிச் செய்கின்றன. அதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கணிப்பொறிகளையும் ஒரே எண்ணுக்குப் பின்னால் மறைத்துவிடும் வகையைத்தான் சுலபமென்று பலர் அமைத்துக் கொடுக்கிறார்கள். அதில் அங்கத்தினர்களுக்கு நேரடியான ஆபத்து இருக்கிறது.

ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு ஒருவருடைய பங்குக் கணக்கிலிருந்து தொகை மாற்றப்பட்டதாகப் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் நான் செய்யவில்லை என்கிறார். ஒன்றியத்தின் சர்வரில் தேடினால் 'ஊத்தங்கரைச் சங்கத்திலிருந்து வந்தது' என்பதோடு ஏடு நின்றுவிடும். செயலாளர் மேசையா, காசாளர் மேசையா, கணிப்பொறி பயிலும் பையனின் மேசையா என்பது வாசல் எழுத்தரின் குறிப்பேட்டில்தான் இருக்கும். அந்தக் குறிப்பேட்டை நம் ரூட்டர் பெரும்பாலும் வைத்திருப்பதில்லை. மின்சாரம் போய் வந்தால் அழிந்துபோவதும் உண்டு. கணிப்பொறி நடமாட்டப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-ம் ஆண்டு ஏப்ரல் 28-ம் தேதி உத்தரவிட்டிருக்கிறது. பதிவு இருந்தும் அதில் எல்லாரும் ஒரே எண்ணாகத் தெரிந்தால் தணிக்கையாளருக்கு என்ன பிரயோஜனம்? சந்தேகம் சங்கத்தில் வேலை செய்யும் எல்லார் மேலும் விழும். உண்மையானவர் தம்மை நிரூபிக்க வழியின்றி நிற்பார்.

இதுகாறும் சொன்னது இரட்டிக்காமை பற்றியது. மாறாமையில் வரும் சிக்கல் இதைவிடச் சாதாரணமானது; அதனாலேயே அடிக்கடி வருகிறது. நம் சங்கங்களில் பலவற்றுக்குக் கைப்பேசிக் கம்பெனியின் சிம் அட்டைதான் இணைய வழி. ஒரே வெளி எண்ணின் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைப்பது அக்கம்பெனிகளின் வழக்கம். அதற்கென்றே 2012-ம் ஆண்டு ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையுள்ள 41,94,304 எண்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. இன்று காலையில் இருந்த எண் மாலையில் இராது. எதிர்த் தரப்பு ஸ்தாபனம், 'உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அதை மட்டும் உள்ளே விடுகிறோம்' என்று கேட்டு, நாமும் அன்றைக்கு இருந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால், மறுவாரம் கதவு சாத்தியிருக்கும்.

வெளி எண்ணுக்கும் உள் எண்ணுக்கும் உள்ள வேற்றுமையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வெளி எண் மாறினால் மாறட்டும். சுரங்கத்தை எப்போதும் நம் பக்கத்திலிருந்து தொடங்கும்படி அமைத்து, நம்மை அடையாளம் காண்பதற்கு எண்ணுக்குப் பதிலாக நமக்கென்று வழங்கிய மறைவுச் சாவியை வைத்துக்கொண்டால் போதும். சாவியைப் பார்த்து 'இவர் ஊத்தங்கரைச் சங்கத்தார்' என்று தெரிந்துகொண்ட மையம், எந்த வழியாக வந்தாலும் ஒரே உள் எண் வரிசையை நமக்குத் தரும். நெசவாளர் வீடு மாறினாலும் அங்கத்தினர் எண் மாறாததைப் போல, சிம் மாறினாலும், கம்பெனி மாறினாலும், கம்பி இணைப்பு வந்தாலும் உள் முகவரி நிற்கும். இணைப்பு அமைப்பவரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பல கம்பெனிகள் ஒரே வலையைப் பகிர்ந்துகொள்வது புதிய விஷயமன்று. ஓசூரில் உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைக்காரர்களுக்குப் பெரிய வாகன ஆலைகளோடு உள்ள தொடர்பை நம் வாசகர்கள் அறிவார்கள். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அமெரிக்காவிலும் வாகனத் தொழிலில் ஒரே உதிரிப் பாகக் கம்பெனி பல ஆலைகளுக்குச் சரக்குக் கொடுத்து, ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு தனி இணைப்பு வைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்நாட்டு வாகனத் தொழிலார் சேர்ந்து ஏ.என்.எக்ஸ். என்ற பொது வலையமைப்பை ஏற்படுத்தினார்கள். 2000-ம் ஆண்டில் ஐரோப்பிய வாகனத் தொழிலார் இ.என்.எக்ஸ். என்ற சங்கத்தை நிறுவினார்கள். போட்டியாளர்களான முதலாளிகள் இதற்காக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கூட்டுறவாளர்களாகிய நாம் சற்றுப் புன்னகையோடு கவனிக்கலாம்.

நமக்கு வேண்டிய ஏற்பாடு அதைவிட எளியது. கணக்குப் பார்ப்போம். 10 என்று தொடங்கும் தொகுதியை 256 எண்கள் கொண்ட சிறு வரிசைகளாகப் பிரித்தால் 65,536 வரிசைகள் கிடைக்கும். பத்து மேசைகூட இல்லாத காரியாலயத்துக்கு 256 எண்கள் தாராளம். ஒரு மாவட்டத்துக்கு 500 வரிசைகள் என்று ஒதுக்கினாலும், 38 மாவட்டங்களுக்கும் 19,000 வரிசைகளே ஆகும். ஆகவே எண் பற்றாக்குறை என்ற சமாதானம் இங்கே செல்லாது. பற்றாக்குறை பதிவேட்டுக்குத்தான். மாவட்ட அளவில் ஒரு பொறுப்பாளர், ஒரு பதிவேடு, சங்கத்துக்கு ஒரு வரிசை. கலைந்துபோன சங்கத்தின் வரிசையைச் சில ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் தருவதில்லை என்ற ஒரு விதி. இவ்வளவே தேவை.

பொதுப் பதிவேடு ஏற்படும்வரை காத்திருக்க முடியாத சங்கங்களுக்கும் வழி உண்டு. ஆறாம் பதிப்பு என்னும் புதிய முகவரி முறையில், தனி ஸ்தாபனங்களுக்கென்று எஃப்.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் தொகுதி ஒன்று 2005-ம் ஆண்டு அக்டோபரில் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்தாபனமும் சீட்டுக் குலுக்கியது போல ஓர் எண்ணைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி உண்டாகக்கூடியவை ஏறக்குறைய 1,09,951 கோடி. ஆயிரம் சங்கங்கள் ஒன்றையொன்று கேளாமல் எண் எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைந்தாலும், எவையேனும் இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு சுமார் 22 லட்சத்தில் ஒன்றுதான். ஆனால் உண்மையாகவே குலுக்கி எடுக்க வேண்டும். நினைவில் வைக்க வசதியென்று எல்லாரும் பூஜ்யமும் ஒன்றும் போட்டுக்கொண்டால் பழைய கதையே திரும்பும். நம்மிடமுள்ள பழைய தராசுக் கருவிகளும் பிரின்டர்களும் புதிய முறையைப் புரிந்துகொள்ளாமலிருக்கலாம். ஆகையால் சில காலம் இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டியிருக்கும்.

இப்போதே இணைந்துவிட்ட சங்கங்கள் எண் மாற்றத் தயங்குவது இயல்பு. கூலி நாளிலோ, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சு மாதத்திலோ இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதலில் மென்பொருளில் நேரடியாக எண் எழுதியிருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே எண்ணுக்குப் பதில் பெயரை எழுதச் சொல்லுங்கள்; பெயருக்கு எந்த எண் என்பதை ஓர் இடத்தில் மாற்றினால் போதுமானதாகிவிடும். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்களை மாற்றலாம். சிறு காரியாலயத்தில் அரை நாள் வேலைக்கு மேல் ஆகாது.

அதற்கு முன் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் யந்திரத்தின் பெயர், அடுத்ததில் அது இருக்கும் மேசை, மூன்றாவதில் எண், நான்காவதில் எந்தத் தேதியிலிருந்து, கடைசியில் எழுதியவர் கையொப்பம். பிரின்டர், தராசு, காமிரா எதையும் விடக்கூடாது; மேலே எடுத்துக்காட்டில் தொல்லை கொடுத்தது பிரின்டர்தான். இணைந்துள்ள வெளி ஸ்தாபனங்களின் எண் வரிசைகளுக்குப் பின்பக்கத்தில் இடம் விடலாம். மறைவுச் சாவிகளை மட்டும் இதில் எழுதக் கூடாது. நோட்டுப் புத்தகத்தைத் துணை விதிகளின் பிரதியோடு இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. ரூட்டர் பழுதாகும் நாளில், கணிப்பொறிக்குள் மட்டும் சேமித்து வைத்த பட்டியலைத் திறந்து பார்க்க வழியிராது.